நிதானம் புகை விட்ட கதை

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி உலகத்துக்கு அவர் நிதானம். 'நிதானம் வந்தாச்சா', 'நிதானத்தைக் கூப்பிடு', 'நிதானம் எங்கே போய்த் தொலைஞ்சுது' என்று கம்பெனியில் நாள் முழுக்க அந்தப் பெயர் உருண்டுகொண்டிருக்கும். வெளியாள் யாராவது கேட்டால் ஏதோ தியான வகுப்பு நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார். நடப்பது என்னவோ நெருப்பு மணி வியாபாரம்.

ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடை, குடியிருப்பு என்று எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அண்ணாந்து பாருங்கள். கூரையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். டிடெக்டர். புகை வாடை பட்டால் போதும், கீழே சிவப்பு விளக்குகள் பதித்த பேனலுக்குச் சேதி அனுப்பி ஊரையே கூட்டிவிடும். அதை மாட்டுவதும், மாட்டியது வேலை செய்கிறதா என்று சோதிப்பதும்தான் நிதானத்தின் பிழைப்பு. சோதிப்பதற்கென்று ஸ்ப்ரே டப்பா விற்கிறார்கள். அதை ஒரு நீளக் கம்பின் நுனியில் மாட்டி டிடெக்டரின் மூக்கில் பீய்ச்ச வேண்டும். முறைப்படி செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கம்பெனியின் முதலாளிக்கு டப்பாவின் மேல் நம்பிக்கை கிடையாது. டப்பாவில் இருப்பது பொய்ப் புகை, பொய்ப் புகையை வைத்துச் சோதித்தால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது ஆகாதா என்பது அவர் கட்சி. அவ்வளவு நேர்மை! ஆகவே நிதானம் ஏணியில் ஏறுவார். ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். நெஞ்சு நிறைய இழுத்து, டிடெக்டருக்கு முத்தம் கொடுக்கப் போகிறவர்போல் உதட்டைக் குவித்து ஊதுவார். ஊதியதும் 'விட்டாச்சு' என்று குரல் கொடுப்பார். கீழே பேனலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதலாளி, சிவப்பு விளக்கு எரிந்ததும் போனில் 'வந்தாச்சு' என்பார். அப்புறம் அடுத்த டிடெக்டர்.

ஏணியைப் பிடித்துக்கொள்பவருக்குப் பெயரே ஏணி. ஆள் என்னவோ குட்டை. நிதானத்தைவிட ஒன்றிரண்டு வயது இளையவர், ஆனால் ஊர் வம்பில் மூத்தவர். நிதானம் மேலே ஏறும்போது அவருடைய போன் ஏணியின் கைக்கு வந்துவிடும். மேலேயிருந்து விழுந்து நொறுங்கிய போன்களுக்கு அப்புறம் முதலாளி போட்ட சட்டம் அது. யார் கூப்பிட்டாலும் எடுத்து, யார் எவரென்று விசாரித்து, பாதி சேதியை வாங்கி மீதியைத் தானே சேர்த்துச் சொல்வது ஏணியின் வழக்கம்.

இப்படிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை விட்டுக்கொண்டே இருந்ததால், கம்பெனியில் 'புகை விட்டாச்சா' என்று கேட்டால் வேலை முடிந்ததா என்று அர்த்தம். அந்தப் பேச்சு நிதானத்தின் வீட்டுக்கும் போய் ஒட்டிக்கொண்டது. மகள் சின்னவளாக இருந்தபோது போன் பண்ணி, 'அப்பா, புகை விட்டாச்சா, எப்போ வருவே' என்றுதான் கேட்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நிதானத்துக்குப் பெருமை பிடிபடாது.

நிதானம் என்ற பெயர் வந்த விதம் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு கட்டடத்தில் மணி தப்பாக அடித்துத் தொலைக்கும். ஜனங்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் படிக்கட்டில் முட்டிமோதுவார்கள். முதலாளி போனில் கத்துவார். இவர் மட்டும், 'இருங்க, பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டு மெதுவாக எங்கோ நழுவுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. ஒரு திருகாணியைக் கழற்றி, ஒரு வயரை மாற்றி, மணியை நிறுத்துவார். மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நடந்தது இதுதான். நிதானம் ஓர் இருட்டு மூலையில், பெரும்பாலும் குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடத்தில், சுவரோடு சுவராக நிற்பார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வியர்க்கும். காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வார். சிகரெட் உதட்டுக்கு வரும். தீக்குச்சி உரசப்படும், முதல் குச்சி நடுக்கத்தில் அணைந்துவிடும், இரண்டாவது பிடிக்கும். நாலு இழுப்பில் மனிதர் மறுபடி நிதானமாகிவிடுவார். மணி அடித்தால்தான் இப்படி என்று இல்லை. முதலாளி 'கொஞ்சம் வந்துட்டுப் போ' என்று சொன்னாலும் இப்படித்தான். மகள் பஸ்ஸில் வரத் தாமதமானாலும் இப்படித்தான். தபால்காரர் வாசலில் நின்றாலே போதும்.

இதற்கு அவர் வைத்திருந்த பெயர் வாயு. 'கொஞ்சம் வாயு, ஒரு தம் போட்டா சரியாயிடும்' என்பார். பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. நிதானத்துக்குப் போய்ப் பயமா? மனைவியும் பாவம், கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயுவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சரிபார்க்கிறவர். தன் வீட்டில் அவருக்கு உதவியது மூக்கு மட்டும்தான். மகளுக்கோ சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. நிதானம் மகளின் முன்னால் சிகரெட்டைத் தொடமாட்டார். அந்த விஷயத்தில் அவர் கறாரானவர். படிக்கட்டுக்குப் போவார், மொட்டை மாடிக்குப் போவார், ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு பாதி வீட்டிலும் பாதி ஆகாயத்திலுமாகத் தொங்குவார். புகை மட்டும் அவருடைய கறாரை மதிக்காமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். 'நான் பிடிக்கலம்மா, பஸ்ல பக்கத்துல நின்ன ஆளு பிடிச்சான்' என்பார். வருஷக்கணக்காக அந்தப் பஸ் ஆளின் தலையை உருட்டினார். அப்படி ஒருவன் இருந்திருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை பஸ் மாறியிருப்பானோ!

மகள் படித்து முடித்து ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு தோழி ஒருத்தியுடன் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆபீசுக்குப் பக்கமாம். நிதானம் நம்பினார். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததுமே எவ்வளவு வயர் ஓடும் என்று கண்ணாலேயே அளந்து சொல்கிற மனிதர், அந்த அறையிலிருந்து ஆபீசுக்கும் இந்த வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் என்பதை அளக்கவே இல்லை. அளக்க இஷ்டமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லீவு நாளில் நிதானம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் புலம்பினார். பெத்த பொண்ணு எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கறா, வந்தாலும் வாசலோட நின்னு பேசிட்டுப் போயிடறா, காலம் கெட்டுப்போச்சு என்றெல்லாம் அடுக்கினார். மனைவி கையிலிருந்த சட்டையை மோந்து பார்த்து, மறுபடி அழுக்குக் கூடையில் போட்டார்.

"அவ ஆபீசுக்குப் பக்கமாப் போகலங்க. உங்க புகைக்குத் தூரமாப் போயிருக்கா."

நிதானம் வழக்கம்போல் எழுந்து வெளியே போனார். மொட்டை மாடியில் பாக்கெட்டை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பற்றவைக்கத் தோன்றவில்லை. பெண் தன்னால்தான் வீட்டை விட்டுப் போனாள் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கீழே இறங்கி வந்து, விட்டுவிடுகிறேன் என்றார். மனைவி அந்தச் சேதியை அன்றே மகளுக்கு எட்டவைத்தார். 'முழுசா விடட்டும், மறுநாளே பையைத் தூக்கிட்டு வந்துடறேன்' என்று பதில் வந்தது. இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? விட்டால் மகள். விடாவிட்டால் அவளுடைய காலி அறை, அதில் இஸ்திரி மேஜை.

விட்டார். விட்ட அன்றைக்கே உலகத்தில் உள்ள அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். மிட்டாய் சப்பச் சொன்னார் ஒருவர். மிட்டாய் சப்பினால் சர்க்கரை வியாதி வரும், அதற்குச் சிகரெட்டே மேல் என்றார் இன்னொருவர். ஏணி, தான் நிறைய தடவை விட்டிருப்பதாகவும் அதில் தனக்கு நல்ல அனுபவம் இருப்பதாகவும் ஆறுதல் சொன்னார். முதலாளியின் முகம்தான் செத்துப்போய்விட்டது. குடும்பத்தைப் பார்க்க வேண்டியதுதான், அதற்காகத் தொழிலுக்குத் துரோகம் பண்ணலாமா, நான் இனிமேல் எந்தப் புகையை நம்புவேன் என்று புலம்பினார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரே ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கினார். அதைத் தன் மேஜை அறையில் பூட்டிவைத்து, காலையில் எடுத்துக் கொடுக்கும்போது கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். வீணாக்கிடாதே, பாத்துப் பீய்ச்சு.

பிரச்சினை மிட்டாயிலும் இல்லை, டப்பாவிலும் இல்லை. வாயு வந்தது. சிகரெட் இல்லை. வாயு போகவில்லை.

முன்பெல்லாம் வந்த சுருக்கில் போய்விடும் படபடப்பு இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. காலையில் கண் விழிக்கும்போதே, ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டு மறந்துபோன மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏணியில் மூன்று படி ஏறினால் கால் நடுங்கும். பேனாவின் மூடியைக் கடித்தே தின்றார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து நாடி ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடியது. குதிரை மாதிரி ஓடியது. மனைவி வெளியேயிருந்து, 'என்னங்க, உள்ள என்ன பண்றீங்க' என்றால், 'வாயு' என்று குரல் வரும். மனைவி அடுப்பில் வெந்நீர் வைப்பார்.

பயந்துபோய் டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், படம் எடுத்துப் பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, வாயுவும் இல்லை கீயுவும் இல்லை, இதற்குப் பெயர் பதற்றம் என்றார். நிதானத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தனக்கு என்ன பெயர் என்று இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கும்படி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. சிகரெட் உங்கள் பயத்தைப் போக்கவில்லை, மூடி வைத்திருந்தது, இப்போது மூடி போய்விட்டது, கொஞ்ச நாள் கொதிக்கும், அப்புறம் அடங்கும், அதற்குள் வீட்டில் மனசைவிட்டுச் சொல்லுங்கள் என்றார். படபடப்பு வரும்போது மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடச் சொன்னார்.

"இதைத்தானே டாக்டர் இவ்வளவு வருஷமாப் பண்ணிட்டிருக்கேன்."

"நடுவுல இருக்கிற சிகரெட்டை மட்டும் எடுத்துட்டுப் பண்ணுங்க."

நிதானம் மூச்சை இழுத்தார், நிறுத்தினார், விட்டார். படபடப்பு கொஞ்சம் அடங்கியது. வீட்டில் சொல்லும் வேலையை மட்டும் விட்டுவிட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று மனைவி கேட்டதற்கு, வாயுதானாம், என்ன, அதைக் கொஞ்சம் படித்தவர் பேசுகிற மாதிரி சொன்னார் என்று மழுப்பிவிட்டார்.

இப்படியாகத் தட்டுத்தடுமாறி இரண்டு வாரத்துக்குப் பக்கமாக ஓடியது. அத்தனை நாளும் ஒன்றுகூடத் தொடவில்லை. அதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மகள் தினமும் அம்மாவுக்குப் போன் செய்து விசாரித்தாள். இஸ்திரி மேஜை மகளின் அறையிலிருந்து வெளியேறி ஹாலின் ஓரத்துக்கு வந்தது. நிதானம் அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தைரியம் ஏற்றிக்கொண்டார்.

அப்புறம் வந்தது அந்தப் புதுக் கட்டடம். பல மாடி. முழுக்க முழுக்கப் புகை பிடிக்கக் கூடாத கட்டடம் என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தீயணைப்பு அதிகாரி வந்து, எல்லா டிடெக்டரும் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி கீழே பேனலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நிதானமும் ஏணியும் மாடி மாடியாகப் பீய்ச்சிக்கொண்டே ஏறினார்கள். விட்டாச்சு, வந்தாச்சு, விட்டாச்சு, வந்தாச்சு. கடைசி மாடியில் முதல் டிடெக்டருக்குக் கீழே டப்பாவை நீட்டினார் நிதானம். டப்பா தும்மியது. அதோடு சரி. குலுக்கினார், தட்டினார். காற்றுகூட வரவில்லை. முதலாளி ஒரே டப்பா வாங்கியதன் பலன்.

போனில் சேதி கீழே போனது. முதலாளி அதிகாரிக்குக் கேட்காமல் கிசுகிசுவென்று கத்தினார். கிசுகிசுப்பாகவே கத்த அவர் ஒருவரால்தான் முடியும். என்ன பண்ணுவியோ தெரியாது, பத்து நிமிஷத்துல மாடி முடியணும் என்று சொல்லி வைத்துவிட்டார். நிதானத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. இழுத்தார், நிறுத்தினார், விட்டார். அடங்கவில்லை. ஏணி சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துத் தானே பற்றவைத்து, பணிவோடு மேலே நீட்டினார். ஏணியே ஊதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் ஏணியில் ஏறினாலும் குட்டை. கூரை எட்டாது.

"அண்ணே, பிடிக்கிறது வேற, விடறது வேற. நீங்க பிடிக்க வேண்டாம். வாயில வாங்கி அப்படியே விடுங்க. பிடிச்சாத்தானே பாவம்?"

எப்பேர்ப்பட்ட வாதம்! பெரிய வக்கீல்கள் தோற்றார்கள். புகை பிடிப்பதைத்தான் அவர் விட்டிருக்கிறார், புகை விடுவதை அவர் எங்கே விட்டார்? அது உத்தியோகம் அல்லவா? நிதானம் வாங்கினார். முதல் டிடெக்டருக்குச் சொன்னபடியே வாயோடு வாங்கி ஊதினார். இரண்டாவதுக்குத் தொண்டை வரைக்கும் போய்த் திரும்பியது. மூன்றாவதில் உள்ளே இறங்கியது. அப்பா! அந்தச் சுகத்தைச் சொல்லி முடியாது. கால் நடுக்கம் நின்றது. தரை தரையாக இருந்தது. மீதி மாடியை அவர் ஊதிய அழகை ஏணி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். மாடி முடிந்த பிறகும் ஏணியின் பாக்கெட்டை வாங்கி ஒன்று பிடித்தார். சோதிப்பதற்கு அப்போது ஒரு டிடெக்டரும் பாக்கி இல்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார், புகையில்லாக் கட்டடம் என்று கைகுலுக்கினார். முதலாளி முகம் மலர்ந்து, நிஜப் புகைக்கு ஈடு உண்டா என்று நிதானத்தின் தோளைத் தட்டினார்.

ஏணியை மடித்து வண்டியில் ஏற்றும்போதுதான் ஏணிக்கு ஞாபகம் வந்தது. மேலே ஊதிக்கொண்டிருந்தபோது நிதானத்தின் மகள் போன் பண்ணியிருந்தாளாம். ஏணி வழக்கம்போல் எடுத்துப் பேசியிருக்கிறார்.

"அப்பா புகை விட்டாச்சான்னு கேட்டுச்சு. எல்லாம் விட்டாச்சு, ஒண்ணும் பாக்கி இல்லன்னேன். நிஜமாவான்னுச்சு. டெஸ்ட் பண்ணியாச்சும்மா, பெரிய ஆபீசரே பாத்து சுத்தம்னு சொல்லிட்டாருன்னேன். அதுக்கு ஏன்ணே அது அழுதுச்சு?"

நிதானம் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார். குழந்தையாக இருந்தபோது கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை அவள் கேட்டது வேலையை அல்ல. மூடன் ஏணிக்கு அது எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பெரிய மெடிக்கல் ஆபீசரே சொல்லிவிட்டார் என்று அல்லவா அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். வேறு நாளாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அவர் விட வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசையைவிட அவளுக்கு இருந்த ஆசை பெரிது. விஷயத்தைப் புரிந்துகொண்ட ஏணி கையைப் பிசைந்தார். பிறகு, பொண்ணு சந்தோஷமா இருக்குல்ல, அப்படியே விட்டுடுங்க, நாளையிலிருந்து நிஜமா விட்டா யாருக்குத் தெரியப்போகுது என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனை பஸ்ஸில் நிதானத்தோடு கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது. மோசமான யோசனை என்று சொல்ல முடியாது. மிட்டாயை மென்றார். இறங்கிய இடத்தில் குழாயில் வாய் கொப்பளித்தார், கையைத் தேய்த்துக் கழுவினார், சட்டையை உதறினார். பஸ்ல பக்கத்துல நின்ன ஆளு என்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வார்த்தை பழகிய வார்த்தை, வழுக்கிக்கொண்டு வந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் மகளின் செருப்பு. ஹாலில் பெரிய பை. மனைவி கையில் தலையணை உறையோடு, இளவட்டம் மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தார். ஜன்னல் திரைகூட மாற்றியாகிவிட்டது. மகள் அறையிலிருந்து வெளியே வந்து, 'அப்பா' என்று சிரித்துக்கொண்டே அவரை நோக்கி வந்தாள். அவள் இப்படி அவர் பக்கத்தில் வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! நிதானம் பின்னால் நகர்ந்தார். அவள் இன்னும் இரண்டடி வந்தாள். அவர் இன்னும் நகர்ந்து வாசற்படிக்கு வெளியே போய்விட்டார். நெஞ்சு உடைந்துவிடும்போல் அடித்தது. கடையில் ஒரு சாமான் வாங்க மறந்துவிட்டதாகவும் இதோ வந்துவிடுவதாகவும் சொல்லிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதில் ஏணி கொடுத்த மிச்சப் பாக்கெட் இருந்தது.

"பயம் வந்துடுச்சாப்பா?"

நிதானம் நின்றார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மகளின் சிரிப்பு போயிருந்தது. ஆனால் கோபமும் இல்லை.

"சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஒரு நாள் உன் பின்னாடியே மாடிக்கு வந்தேன். தீக்குச்சியைப் பத்தவைக்க முடியாம உன் கை நடுங்கிச்சு. கீழ வந்து, வாயுன்னு சொன்னே. அப்பவே தெரியும்."

படிக்கட்டு நாலடி தூரத்தில் இருந்தது. போயிருக்கலாம். அத்தனை வருஷமும் போனவர்தான். பஸ் ஆளும் தொண்டைவரை வந்து தயாராக நின்றான். நிதானம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மகளுக்கு எட்டத்தில், திறந்த ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"கிட்ட வராதேம்மா. நான் விடல. இவ்வளவு நாள் விட்டிருந்தேன், இன்னிக்கு மத்தியானம் பிடிச்சுட்டேன். ஏணி சொன்னது வேலைப் புகையை. டாக்டர் சொன்னாரு, எனக்கு இருக்கிறது வாயு இல்லையாம். பயமாம். ரொம்ப வருஷமா இருக்காம்."

மனைவி தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டார். அப்போ நான் இத்தனை காலமும் எதுக்கு வெந்நீர் வெச்சேன் என்று மெல்லிய குரலில் கேட்டார். மகள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரமாக, பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகிறாள் என்றுதான் நிதானம் நினைத்தார்.

"புகைக்காக மட்டும் நான் போகலப்பா. புகைன்னா ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு இருந்திருப்பேன். உனக்குப் பயம் வந்தா வெளிய போயிடுவே, கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி வருவே. எனக்கும் அதே மாதிரி வருது. பாதி நேரம் அது இழுப்பே இல்ல. அதைச் சொல்ல இந்த வீட்ல ஆள் இல்ல. சொன்னா நீ எழுந்து மாடிக்குப் போயிடுவே. அதான் நானும் வெளிய போயிட்டேன்."

தன் பெண்ணுக்குத் தான் கொடுத்தது சட்டை நாற்றம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் நிதானம். அழுகை வந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும்போல் கால் பறந்தது. பயந்துபோன ஒரு மனிதன் வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பது அந்த வயதிலும் அவருக்குத் தெரியாது. இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப பயமா இருக்கும்மா," என்றார். "நீ போயிடுவியோன்னு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. இரு. போகாதே."

படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை அவர் எழுந்து போகவில்லை, மகளும் போகவில்லை.